அடுப்புக்குக் கனம் எதற்கு?

கோலாலம்பூரில் வீட்டைச் சூடாக்க அடுப்பு கட்டுவது வீண்வேலை. ஆனால் குளிர்நாட்டார் அறைக்கு வெப்பமூட்டப் பயன்படுத்தும் ராக்கெட் அடுப்பு, சமையலுக்கென்று பிறந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி இதை வடிவமைத்தார். விறகு நுழையப் படுக்கையாக ஒரு குழாய், தீ எழ நிமிர்ந்த இன்னொரு குழாய், சுற்றிலும் வெப்பம் கசியாத உறை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பொங்கலுக்கும் அன்னதானத்துக்கும் விறகு மூட்டுவோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நெருப்பை ஒட்டிக் கனமான எதுவும் இருக்கக் கூடாது.

நம் வழக்கம் இதற்கு நேரெதிர். செங்கல்லும் களிமண்ணுமாகக் கெட்டியாகக் கட்டினால் அடுப்பு சூட்டைப் பிடித்துவைக்கும் என்போம். பிடித்துவைக்கும், மெய்தான், பிடித்துவைத்த சூடு பானைக்குப் போகாது. விறகு சூடேறும்போது கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கனமான சுவர் அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால் அவை எரியாமலே புகையாகிப் போய்விடும். ஆகவே உள்குழாய்க்கும் வெளித் தகரத்துக்கும் நடுவே சலித்த சாம்பலோ பெர்லைட்டோ நிரப்ப வேண்டும். மணல் உதவாது, அதுவும் கனம்தானே. குளிர்நாட்டில் அடுப்போடு சேர்த்து மண் திண்ணை கட்டுகிறார்களே என்று கேட்கலாம். அந்தத் திண்ணை இருப்பது தீயைத் தாண்டி, எரிந்து முடிந்த சூட்டுக்காற்று போகும் வழியில். எரியும் இடம் அங்கேயும் இலேசானதுதான்.

அடுப்பைச் செம்மைப்படுத்துவது பெரும்பாலும் இடைவெளிக் கணக்கு. சூட்டுக்காற்று போகும் வழியின் பரப்பு எங்கும் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. குழாயின் விட்டம் 12 செ.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. குழாயின் விளிம்பில் அதே பரப்பு கிடைக்கப் பானையை 3 செ.மீ. உயர்த்தி வைக்க வேண்டும். 28 செ.மீ. அகலப் பானையைச் சுற்றித் தகர வளையம் வைத்தால் இடைவெளி 1.3 செ.மீ. போதும். பானை பெரிதாக ஆக இடுக்கு குறுகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இடுக்கு அளவு மீறினால் சூட்டுக்காற்று பானையை உரசாமல் நழுவிவிடும். மிகவும் நெருங்கினால் இழுப்பு குறைந்து, விறகு வாய் வழியே புகை திரும்பி வரும். விறகை அடியில் சிறு தட்டின்மேல் கிடத்தினால் காற்று அதன் கீழே புகுந்து நேராகத் தணலைச் சேரும்.

மானிய விலையில் எரிவாயுத் தோம்பு கிடைக்கையில் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அன்றாடச் சமையலுக்கு எரிவாயுதான் சரி. அதை மறுக்க முடியாது. விறகே வேண்டும் என்ற இடத்தில்தான் இந்த அடுப்புக்கு வேலை. அங்கும் ரப்பர் கட்டையை அப்படியே திணிக்க முடியாது. மெல்லிதாகப் பிளந்து, நன்றாகக் காயவைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பருகே ஓர் ஆள் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பதுதான் இதன் உண்மையான விலை. மெல்லிய இரும்பு உள்குழாயும் நெடுநாள் தாங்காது. தீயில் அரித்து ஓட்டையாகிவிடும். புகை குறைந்துவிட்டது என்பதற்காக அடுக்குமாடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.