டயர் தேயுற விதமே காரணத்தைச் சொல்லும்

டயர் ஓட ஓடத் தேயும், அது சகஜம். ஆனா சீரா தேயாம ஒரு இடத்துல மட்டும் தேய்ஞ்சிருந்தா, கோளாறு வேற எங்கயோ இருக்கு. அதைச் சரி பண்ணாம புது டயர் போட்டா, அதுவும் அப்படியேதான் தேயும்.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு: எடை ஓரங்களில் விழுகிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் பார்க்கணும்.

இதோட ஆபத்து மழையிலதான் தெரியும். டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியேற்றுவது அதில் இருக்கும் பள்ளங்கள்தான். அவை தேய்ந்துபோனால், வேகமா போறப்போ டயர் தண்ணி மேல வழுக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. அப்போ வண்டிக்குள்ள இருக்கறது நம்ம குடும்பம்.

பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் ஒரு இடத்துலயாவது அந்த மட்டத்துக்கு வந்துட்டா டயரை மாத்திடணும். வெளி ஓரத்தை மட்டும் பார்த்து நம்பிடாதீங்க. ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி, முன் டயரோட உள் ஓரத்தையும் பாருங்க.

மாசம் ஒரு தடவை, வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கறப்போ காற்று செக் பண்ணுங்க. எவ்வளவு வேணும்னு பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துட்டா நாலு டயரும் சீரா தேயும்.