மீன் வளர்ப்பும் பொது நீரும்

பயிர்த்தொழில் செய்பவனுக்கு வரப்பு உண்டு. தன் வயலில் இட்ட எருவும் தெளித்த மருந்தும் அவ்வரப்புக்குள்ளேயே நின்றுவிடும் என்று அவன் நம்பிக்கொள்ளலாம். கடலிலும் காயலிலும் மீன் வளர்ப்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய பயிர் விளையும் இடம் நீர். அந்நீர் காலையில் ஒருவனுடையதாகவும் மாலையில் அடுத்தவனுடையதாகவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ளவன் விட்ட கழிவு இவன் மீனைத் தாக்கும். இவன் விட்ட கழிவு கீழே உள்ளவனைத் தாக்கும். மீன் வளர்ப்பினால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் விளைவுகளை ஆராயப் புகுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவேயாகும்.

உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் முதன்முறையாக, பிடிக்கப்பட்ட நீர்வாழ் விலங்குகளைவிட வளர்க்கப்பட்டவற்றின் அளவு மிகுந்தது. எனவே மீன் வளர்ப்பு வேண்டுமா, வேண்டாமா என்பது இனி வினாவன்று. எதை, எங்கே, எந்த நீரில் வளர்ப்பது என்பதே வினா. இதற்கு விடை தேட, திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடலோரமும் காயல்களும் நல்லதோர் ஆய்வுக்களம் எனலாம்.

விழிஞத்தில் ஒரு முயற்சி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970-களின் தொடக்கத்தில் சிப்பி வளர்ப்புச் சோதனைகளை மேற்கொண்டது. கடலடிப் பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்பு நிறச் சிப்பி இது. வர்க்கலையை ஒட்டிய கரையிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள பாறைகளில் இது செழித்து வளர்கிறது. வட கேரளத்தில் கிடைக்கும் பச்சை நிற இனத்தைக் கல்லும்மக்காய் என்பர். விழிஞத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

நிலையத்தின் முறை எளிமையானது. கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, காற்று அடைத்த பீப்பாய்களின் மேல் மிதக்கவிட்டுத் தெப்பம் அமைத்தனர். அதை நங்கூரமிட்டு நிறுத்தினர். விரல் நகம் அளவேயுள்ள சிப்பிக்குஞ்சுகளைப் பாறையிலிருந்து சேகரித்து, கயிற்றைச் சுற்றிப் பரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் பொதிந்து தைத்து, அக்கயிறுகளைத் தெப்பத்திலிருந்து நீரில் தொங்கவிட்டனர். சில நாட்களில் குஞ்சுகள் தம் உடலிலிருந்து சுரக்கும் இழைகளால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அதற்குள் துணி மக்கி உதிர்ந்துவிடும். ஏறக்குறைய ஆறேழு மாதங்களில் அறுவடை. ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் 10 கிலோ அளவுக்குச் சிப்பி கிடைத்தது. ஒதுக்கமான விழிஞம் விரிகுடாவில் இம்முறை நன்கு பயன்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது திறந்த கடலில் தெப்பத்தை நிறுத்துவதுதான் பெரும் இடர்ப்பாடாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது விளைச்சலின் அளவன்று. இந்தப் பயிருக்கு எவரும் உணவிடவில்லை என்பதே. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகளை வடிகட்டி உண்டு சிப்பி வளர்கிறது. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் நீரை வடிகட்டும். உரம் இல்லை, தீவனம் இல்லை, மருந்து இல்லை. தெப்பங்களை மிக நெருக்கமாகக் கட்டினால் அவற்றின் அடியில் சிப்பிகளின் கழிவு படிந்து சேறு கெடும் என்பது உண்மைதான். ஆயினும், வெளியிலிருந்து எதையும் நீரில் கொட்டாமல், நீரில் உள்ளதையே எடுத்து உணவாக்கித் தரும் வளர்ப்பு முறைகளில் இது தலையாயது.

இம்முறை பிற்காலத்தில் பெருமளவில் வேரூன்றியது திருவனந்தபுரத்தில் அன்று. காசர்கோடு மாவட்டத்துப் படன்னை, செறுவத்தூர்ப் பகுதிகளின் காயல்களில். அங்கே 1990-களின் பிற்பகுதியிலிருந்து மகளிர் சுய உதவிக் குழுக்கள் பச்சைச் சிப்பியை வளர்த்து வருகின்றன. மழை ஓய்ந்து, காயல் நீர் உவர்ப்பேறிய பின் டிசம்பர் வாக்கில் கயிறு கட்டி, அடுத்த மழை நீரை நன்னீராக்குமுன் மே மாதத்திற்குள் அறுவடை முடிப்பர்.

தீவனம் என்னும் கணக்கு

இனி இதற்கு நேர்மாறான வளர்ப்பைப் பார்ப்போம். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் தமிழ்நாடு, ஆந்திரக் கடலோரங்களில் புலி இறால் பண்ணைகள் விரைந்து பரவின. ஏற்றுமதி வருவாய் அரசையும் முதலீட்டாளரையும் ஒருங்கே கவர்ந்தது. செறிவுமுறைப் பண்ணையில் இறாலுக்கு உயர் புரதத் தீவனம் இடப்படுகிறது. அத்தீவனத்தின் முக்கியப் பகுதி மீன் தூள். அதாவது கடலில் பிடித்த சிறுமீன். இட்ட தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இறாலின் உடலாகிறது. எஞ்சியது குளத்து நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது. குளத்து நீரை மாற்றும்போது அது ஓடைக்கும் கடலுக்கும் செல்கிறது. அடுத்த பண்ணையின் நீரேற்றுக் குழாய் அதே ஓடையில்தான் இருக்கும்.

1994-ஆம் ஆண்டின் இறுதியில் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளைத் தாக்கியபோது, அது இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஒருவர் கழிவை மற்றொருவர் உள்வாங்கும் இந்த ஏற்பாடு பெரிதும் துணைசெய்தது. தம்மைத் தவிர வேறு எவரும் அவர்களைக் கெடுக்கவில்லை எனலாம். இதற்கிடையே, நாகப்பட்டினம் பகுதியில் பண்ணைகளை அடுத்த வயல்களும் கிணறுகளும் உப்பேறிப்போயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் இருந்த பண்ணைகளை, பாரம்பரிய முறையிலானவை நீங்கலாக, அகற்றவும், விளைநிலங்களையும் உப்பளங்களையும் சதுப்புக் காடுகளையும் பண்ணைகளாக மாற்றாதிருக்கவும் அது ஆணையிட்டது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இவ்வழக்கில் அளித்த அறிக்கை இன்றும் மாணவர்கள் படிக்கத்தக்கது. பண்ணைகளால் சமுதாயத்துக்கும் இயற்கைக்கும் ஏற்பட்ட இழப்பு, அவை ஈட்டிய வருவாயைவிடத் தமிழ்நாட்டில் ஒன்றரை மடங்கு, ஆந்திரத்தில் நான்கு மடங்கு என்று அது கணக்கிட்டது. கணக்கிடும் முறை பற்றி வாதிடலாம். ஆனால் அதற்கு முன்னர் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அந்தச் செலவுப் பத்தியே இருந்ததில்லை.

2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையத்தில் பண்ணைகள் பதிவு பெறவேண்டும் என்பது விதி. 2009 முதல், பசிபிக் கடலோரத்தைச் சேர்ந்த வெள்ளை இறாலை வளர்க்க அனுமதி தரப்பட்டபின், புலி இறாலின் இடத்தை அதுவே பெரிதும் பிடித்துக்கொண்டது. 2023-இல் செய்த திருத்தம் கூண்டு மீன் வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு, சிப்பி வளர்ப்பு ஆகியவற்றையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதே திருத்தம் சிறைத்தண்டனையை நீக்கிப் பணத்தண்டனையை வைத்தது.

இறால் வளர்ப்பே கேடு என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் பொக்காளி வயல்கள் அதற்குச் சான்று. மழைக்காலத்தில் அவ்வயல்களில் உவர்ப்பைத் தாங்கும் உயர்ந்த நெல் விளைகிறது. அறுவடையின்போது கதிரை மட்டுமே கொய்து, தாளை விட்டுவிடுவர். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஓதநீரை மதகு வழியே உள்ளே விட்டு, அதனுடன் வரும் இறால் குஞ்சுகளை அங்கேயே தங்கச் செய்வர். மக்கும் தாளில் பெருகும் நுண்ணுயிர்கள் இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். விளைச்சல் குறைவு, செலவும் குறைவு. ஒரே நிலத்தில் நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று கடன் தீர்த்துக்கொள்கின்றன. இன்று ஆள் பற்றாக்குறையால் நெல்லைக் கைவிட்டு இறாலை மட்டும் ஆண்டு முழுவதும் வளர்க்க முனைவோர் மிகுந்து வருவது கவலைக்குரியது.

மட்டை ஊறும் காயல்

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். மாவட்டத்தின் வடக்கே உள்ள கடினங்குளம், அஞ்சுதெங்கு காயல்கள் வாமனபுரம் ஆற்றின் நீரைப் பெற்று, முதலப்பொழி வழியே கடலோடு கலக்கின்றன. ஆறும் ஓதமும் கலக்கும் இத்தகைய நீர்நிலை மீன் வளர்ப்புக்கு ஏற்றது. ஆனால் கடினங்குளம் காயலின் கரைகள் நெடுங்காலமாகக் கயிற்றுத் தொழிலுக்கு உரியவை. தேங்காய் மட்டைகளை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு நார் எடுப்பர். மட்டையிலுள்ள நாரைப் பிணைக்கும் பொருள் நுண்ணுயிர்களால் சிதையும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்படுகிறது, நீர் கறுக்கிறது. அங்கே மீன் நிற்பதில்லை. நகரமுடியாத சிப்பி மடிகிறது. பச்சை மட்டையை இயந்திரத்தால் உரிக்கும் முறை வந்தபின் ஊறவைத்தல் முன்னைய அளவில் இல்லை. ஆயினும் பல தலைமுறைகளின் சேறு அடியில் கிடக்கிறது.

இதற்காகக் கயிறு திரிக்கும் ஏழைப் பெண்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயமன்று. நகரம் செய்வது அதனினும் பெரிது. ஆமையிழஞ்சான் தோடு திருவனந்தபுரம் நகரின் சாக்கடையைச் சுமந்து ஆக்குளம்–வேளிக் காயலில் சேர்க்கிறது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டு, வேளியைக் கடினங்குளத்தோடு இணைக்கும் பார்வதி புத்தனாறும் கழிவுநீர்க் கால்வாயாகிவிட்டது. மீன்துறை மீன் குஞ்சு விடுகிறது. நகராட்சி சாக்கடை விடுகிறது. இரண்டும் ஒரே நீரில்.

நீர் கெட்டால் மீன் மட்டுமே சாகும் என்று எண்ணிவிடக் கூடாது. 1997 செப்டம்பரில் விழிஞத்தில் சிப்பி உண்டவர்களுள் 7 பேர் மாண்டனர். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடலில் பெருகிய நச்சுப் பாசிகளைச் சிப்பி வடிகட்டி உண்டதால் அதன் தசையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு திரண்டிருந்தது. சமைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. சிப்பிக்கு அதனால் தீங்கில்லை; தோற்றத்திலும் மணத்திலும் மாறுதல் இராது. வடிகட்டி உண்ணும் அதே குணம்தான் சிப்பியைத் தூய பயிராகவும் ஆபத்தான உணவாகவும் ஆக்குகிறது. எனவே சிப்பி வளர்ப்பை ஊக்குவிக்கும் எந்தத் திட்டத்திலும், தெப்பத்துக்கு அளிக்கும் மானியத்துடன், பாசியையும் நஞ்சையும் தொடர்ந்து சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பணம் ஒதுக்குவது இன்றியமையாதது.

விழிஞத்தில் 2015-இல் கட்டத் தொடங்கி 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகம் இன்னொரு வினாவை எழுப்பியுள்ளது. இழப்பீட்டுக்கு உரியோர் பட்டியலில் சிப்பி எடுக்கும் தொழிலாளரும் இடம்பெற்றனர். மனிதருக்கு இழப்பீடு அளிக்கலாம். குஞ்சு ஒட்டும் பாறைக்கு மாற்று எது என்று ஆராய வேண்டியிருக்கிறது. வளர்ப்போன் கயிற்றில் பொதியும் சிப்பிக்குஞ்சு இன்றும் பெரும்பாலும் இயற்கைப் பாறையிலிருந்தே வரவேண்டியுள்ளது.

யார் பொறுப்பு?

2024 மே மாதம் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஏலூர், எடையாறு பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டுகளில் கொடுவாவும் கரிமீனும் வளர்த்தவர்கள் அறுவடைக்குக் காத்திருந்த மீனை ஓரிரவில் இழந்தனர். தடுப்பணையைத் திறந்தபோது தேங்கிய நீர் பாய்ந்து பிராணவாயு குறைந்ததே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருதியது. நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அபாய அளவில் இருந்ததாகக் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கூறியது. நீர்ப்பாசனம், மாசுக் கட்டுப்பாடு, தொழில், மீன்வளம் எனத் துறைகள் பல, ஆறு ஒன்று. கூண்டு வைத்தவனுக்கு முன்னறிவிப்புத் தரும் கடமை எந்தத் துறைக்கு என்பது எழுத்தில் இல்லாதவரை இவ்விழப்பு மீண்டும் நேரும்.

மாவட்ட அளவில் பணியாற்றும் அலுவலர் இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீன் வளர்ப்புக்கு இடம் தேர்ந்தெடுக்குமுன் அந்நீரை ஓராண்டு முழுவதும், மழைக்கு முன்னும் பின்னும், அளந்து பதிவு செய்தல். அளக்கும் நேரமும் முக்கியம். பகலில் பாசிகள் வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதையே உட்கொள்கின்றன. ஆகவே நீரில் பிராணவாயு மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன். அலுவலக வண்டி காயல்கரையை அடையும் முற்பகல் 11 மணிக்கு அளந்தால் பெரும்பாலான காயல்கள் நலமாகவே காணப்படும். மீன் சாவது விடியற்காலை நாலு மணிக்கு.