சரக்குப் பெட்டக எண்களை அறிவதில் எளிய நரம்பு வலையமைப்பின் பயிற்சி

எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகங்கள் ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட குறியைத் தாங்கியுள்ளன. ஓர் இலக்கம் பிறழ்ந்து வாசிக்கப்படினும் பதிவு பிழையாகிவிடும். ஒளிப்படத்தில் இக்குறி இடம்பெயர்ந்தோ சாய்ந்தோ நெளிந்தோ அமையலாம். எளிய நரம்பு வலையமைப்பு ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனி எடையைக் கற்பதால், சற்றே நகர்ந்த இலக்கமும் அதற்குப் புதிய உருவமாகத் தோன்றுகிறது.

இதனைக் களையப் பயிற்சிப் படங்களைச் சிறிதளவு நகர்த்தியும் சுழற்றியும் நெளித்தும் பெருக்குவர். 2003இல் சிமார்டு குழுவினர் கையெழுத்து இலக்கங்களைக் கொண்டு இம்முறையின் பயனை நிறுவினர். ஆயினும் திரிபுக்கு எல்லை வேண்டும். தலைகீழான 6, 9 ஆகிவிடும். குறியின் இறுதி இலக்கம் முந்தைய பத்துக் குறிகளிலிருந்து கணிக்கப்படுவதால், எஞ்சும் பிழைகளுள் பெரும்பாலானவற்றை அதனைக் கொண்டு கண்டறியலாம். எனவே பயிற்சியும் சரிபார்ப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.