தூசியும் மூடுபனியும்: ஓடுபாதையின் இரண்டு கருவிகள்

ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிற்கும் விமானத்திலிருந்து விமானிக்கு எவ்வளவு தூரம் பாதை தெரிகிறது என்பதே ‘ஓடுபாதைப் பார்வைத் தொலைவு’. விமானிகள் சுருக்கமாக ஆர்.வி.ஆர். என்பார்கள். கருவிகள் வழிகாட்டும் தரையிறக்கங்களில் முதல் வகைக்கு இது குறைந்தது 550 மீட்டர் இருக்க வேண்டும். டெல்லியின் குளிர்கால மூடுபனியிலோ, தகுந்த கருவியும் பயிற்சி பெற்ற விமானியும் உள்ள விமானங்கள் 50 மீட்டரிலும் இறங்குகின்றன.

இதை அளக்கும் கருவிகளில் பழையது டிரான்ஸ்மிசோமீட்டர். ஒரு கம்பத்திலிருந்து ஒளிக்கற்றை புறப்படும். சில பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மற்றொரு கம்பம் அதை வாங்கும். வழியில் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதுதான் கணக்கு. ஒளி 5 சதவீதமாகத் தேய்வதற்கு ஆகும் தூரம் ‘வானிலை ஒளியியல் தொலைவு’ எனப்படும். அதோடு ஓடுபாதை விளக்குகளின் பிரகாசத்தையும் பின்னணி வெளிச்சத்தையும் சேர்த்து ஆர்.வி.ஆர். கணிக்கப்படுகிறது. அதனால் ஒரே அடர்த்தியுள்ள மூடுபனிக்குப் பகலில் ஓர் எண்ணும் இரவில் வேறோர் எண்ணும் வரும்.

இரண்டாவது, முன்சிதறல் மானி. இதில் ஒளிக்கற்றை, ஒளியை வாங்கும் ஏற்பிக்குள் நேராக விழாது. பனித்துளிகளில் பட்டு முன்பக்கமாகச் சாய்ந்து சிதறும் ஒளியை மட்டும் ஏற்பி பார்க்கும். ஒரே கம்பம் போதும்; விலையும் குறைவு. ஆனால் அது பார்க்கும் காற்றின் அளவு மிகச் சிறியது. நடுவே சிலந்தி வலை பின்னினால்கூட மூடுபனி என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண்ணாடியில் படியும் தூசி. கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று தெளிந்து 10 கிலோமீட்டர் தெரியும் நாளில், தூசி ஒரே ஒரு சதவீத ஒளியை மறைத்தாலும் டிரான்ஸ்மிசோமீட்டர் 5 கிலோமீட்டருக்கும் கீழே காட்டும். பெரிய பிழைதான். ஆனால் 90 மீட்டர் மட்டுமே தெரியும் மூடுபனியில் அதே தூசி ஒரு மீட்டரைத்தான் குறைக்கும். எப்போதும் குறைத்தே சொல்வதால் ஆபத்தில்லாத பக்கம் சாயும் பிழை இது. முன்சிதறல் மானியில் நிலைமை தலைகீழ். தூசி படிந்தால் சிதறிய ஒளி குறையும். கருவி, காற்று தெளிவாக இருப்பதாகக் கூட்டிச் சொல்லும். இன்றைய மானிகள் தம் கண்ணாடியின் அழுக்கைத் தாமே அளந்து இதைத் திருத்திக்கொள்கின்றன.

இந்தியாவில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘திருஷ்டி’யும் டிரான்ஸ்மிசோமீட்டர் வகைதான். முன்சிதறல் மானிகள் பெருகிவிட்டாலும், அவற்றின் அளவு சரியா என்று பார்க்க இன்றும் பக்கத்தில் நிறுத்தப்படுவது ஒரு டிரான்ஸ்மிசோமீட்டர்.