சத்தமில்லாத வண்டி

ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். ஊர்க்காரர்களின் புழக்கமும் பெரும்பாலும் வீடு, கடை, பஸ் ஸ்டாண்டு என்ற அளவில்தான். இங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், ஆரணியின் பட்டுச்சேலை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை என்பதிலிருந்து பதில் தொடங்க வேண்டும். சாயம் ஓரிடம், பாவு ஓரிடம், தார் சுற்றுவது ஒரு வீடு, தறி வேறொரு தெரு. ஆலை என்று ஒன்றைத் தேடினால் ஊர்தான் ஆலை. போகுமிடத்தை முடிவு செய்யாமல், தோன்றிய நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மட்டுமே அதைப் பார்க்க முடியும் என்பது என் கட்சி.

மோட்டார் சைக்கிள் ஆகாதா? ஆகாது, அதன் இரைச்சலில் தறி கேட்காது. நெசவுத் தெருவில் கண்ணுக்குக் கிடைப்பது திண்ணையும் பாதி சாத்திய கதவும்தான். காதுக்குக் கிடைப்பது அதிகம். கைத்தறியில் மிதி அழுந்தும், நாடா ஓடும், பண்ணை வந்து அடிக்கும். நெய்கிறவர் களைத்தால் தறியும் தயங்கும். விசைத்தறிக்குக் களைப்பு கிடையாது, ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்க 1985-லேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்தக் காப்பு தெருவில் எவ்வளவு மிச்சம் என்பது, எங்கே எந்தச் சத்தம் கேட்கிறது, எங்கே ஒன்றுமே கேட்கவில்லை என்று கவனித்தால் ஓரளவு பிடிபடும். விடியற்காலையில் கிளம்பினால் சில தெருக்களில் பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வதைக் காணலாம். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. அந்நேரத்தில் தெரு நூலுக்குச் சொந்தம்.

ஊர்க்காரனுக்கு ஊரைத் தெரியாதா என்று கேட்பார்கள். அவரவர் வழி அவரவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கோட்டை மைதானத்தைத் தினமும் கடக்கிறவர்களில் எத்தனை பேர் உள்ளே நிற்கும் தூணைப் பார்த்திருப்பார்கள்? 1790-ல் இறந்த, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத்தூண் அது. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கையோடு, 1751 டிசம்பரில், ராபர்ட் கிளைவ் சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் இந்த வட்டாரத்தில்தான் தோற்கடித்தார். 1782-ல் மைசூரின் ஐதர் அலியும் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் மோதியதும் இங்கேதான். ஊரை ஆண்ட மராத்திய ஜாகீர்தார்களின் அரண்மனை பக்கத்துச் சத்திய விஜய நகரத்தில் இருக்கிறது. உத்தராதி மடத்துச் சத்திய விஜய தீர்த்தரின் பிருந்தாவனமும் அதே ஊரில். கமண்டல நாகநதிக்கரையில் புதுக்காமூர் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில். இவற்றையெல்லாம் நடந்து பார்க்கத் தொலைவு, காரில் போனால் இடையில் உள்ள தெருக்கள் விட்டுப்போகும். லாரிகள் ஓடும் பெரிய சாலைகளில் சைக்கிள் ஆபத்து என்பது நியாயம்தான். ஆனால் இந்த ஆலை இருப்பதே உள்தெருக்களில்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நெசவாளர் வீடு காட்சிசாலையா? கூலிக்கும் பாவுக்கும் அலைகிறவரின் வாசலில் வேடிக்கை பார்ப்பது அழகா? அழகல்ல. கைத்தறிச் சுற்றுலா என்ற பெயரில் ஆட்களை வண்டி வண்டியாக இறக்குவதை நானும் ஏற்கவில்லை. அதனால்தான் திட்டமில்லாத, தனியாள் சவாரியைச் சொல்கிறேன். நிற்க வேண்டாம், எட்டிப் பார்க்க வேண்டாம், படமெடுக்க வேண்டாம். கேட்டுக்கொண்டே கடந்து போனால் யாருடைய வேலையும் கெடாது. அதிலும் மின்சாரம் நின்ற நேரம் பார்த்துக் கிளம்புவது நல்லது. விசைத்தறிகள் அடங்கியிருக்கும், அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தறிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகலாம்.