‘அரை மூணு’ன்னா மூன்றரை இல்லை... ஹங்கேரிய மொழியின் எண் கணக்கே வேற!

புடாபெஸ்டில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ஓனர் போனில் ‘ஃபேல் ஹாரோம்’ மணிக்கு வரச் சொல்கிறார். ஃபேல் என்றால் அரை, ஹாரோம் என்றால் மூன்று. அப்போ மூன்றரைதானே என்று 3.30க்குப் போய் நின்றால், வீடு கைமாறிப் போயிருக்கலாம். அவர் சொன்னது 2.30 மணி!

ஏன் இப்படி? மணி இரண்டு அடித்ததுமே மூன்றாவது மணி நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதில் பாதி முடிந்தால் ‘அரை மூன்று’. அதே கணக்கில் ‘கால் மூன்று’ என்றால் 2.15, ‘முக்கால் மூன்று’ என்றால் 2.45. முடிந்துபோன மணியை வைத்து ‘ரெண்டே முக்கால்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஜெர்மன் மொழியிலும் ‘அரை மூன்று’ என்றால் 2.30தான் என்பதால், அது தெரிந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஒன்றரைக்கும் இதே லாஜிக்தான். அதற்கான சொல் ‘மாஷ்ஃபேல்’. நேரடியாகப் பார்த்தால் ‘மற்றது அரை’. அதாவது முதலாவது முழுசு, அடுத்தது பாதி.

இந்த ‘ஃபேல்’ கண், கை, காலையும் விட்டுவைக்கவில்லை. ஜோடியாக இருக்கும் உறுப்புகளை ஹங்கேரிய மொழி ஒரே பொருளாகப் பார்க்கிறது. இரண்டு கண்களையும் குறிக்க ஒருமையில் ‘செம்’ என்றாலே போதும். அப்போ ஒரு கண்ணில் மட்டும் பார்வை இல்லாதவரை எப்படிச் சொல்வார்கள்? ‘அரைக் கண்ணில்’ பார்வை இல்லாதவர்! பாதிப் பார்வை என்று அர்த்தம் இல்லை. ஜோடியில் பாதி, அவ்வளவுதான்.

பன்மைக்கு வருவோம். ‘எம்பெர்’ என்றால் மனிதர், ‘எம்பெரெக்’ என்றால் மனிதர்கள். ஆனால் முன்னால் ஓர் எண் வந்துவிட்டால், கடைசியில் இருக்கும் அந்த ‘க்’ காணாமல் போய்விடும். எத்தனை என்று எண்ணே சொல்லிவிட்ட பிறகு பன்மை எதற்கு? நாமும் ‘ரெண்டு தோசை’ என்றுதானே ஆர்டர் செய்கிறோம். ஆனால் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வினைச்சொல்லையும் ஒருமையிலேயே வைக்கிறார்கள். ‘பத்து பேர் வருகிறார்’ என்பது போல! ‘நிறைய’ என்ற பொருள் தரும் ‘ஷோக்’ வந்தாலும் இதே கதைதான்.

இரண்டு என்ற எண்ணுக்கே இரண்டு வடிவம் உண்டு. தனியாகச் சொன்னால் ‘கெட்டோ’, பொருளின் பெயருக்கு முன்னால் ‘கேட்’. சிக்கல் என்னவென்றால், ஏழுக்கு ‘ஹேட்’. போனிலோ கூட்டமான கடையிலோ கேட், ஹேட் இரண்டும் ஒன்று போலவே காதில் விழும். அதனால் இலக்கணம் ‘கேட்’ கேட்கும் இடத்திலும் பலர் ‘கெட்டோ’ என்றே அழுத்திச் சொல்வார்கள்.

கடை என்றதும் இன்னொன்று. அங்கே சீஸ், சலாமி வாங்கும்போது கிராம் கணக்கு அவ்வளவாகக் காதில் விழாது; ‘டெகா’தான். ஒரு டெகா 10 கிராம். 200 கிராம் வேண்டுமென்றால் ‘20 டெகா’ என்று கேட்க வேண்டும். ‘200 டெகா’ என்று வாய் தவறினால் 2 கிலோ!

மணி விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஒரு ஈஸி வழி இருக்கிறது. ரயில், பஸ் அட்டவணைகளில் 24 மணி நேரக் கணக்குதான். ஓனரிடமும் ‘14.30தானே?’ என்று திருப்பிக் கேட்டுவிடலாம்.