கையறுநிலையும் கல்வெட்டும்

எங்கள் ஊர்காவற்றுறை வீட்டுப் பெட்டகத்தில், காணி உறுதிகளுக்கு நடுவே, அப்பாச்சியின் கல்வெட்டொன்று நெடுநாளாகக் கிடந்தது. கல்வெட்டு என்றதும் தமிழகத்து அன்பர்கள் கோயிற் சுவரை நினைப்பர். யாழ்ப்பாணத்தார்க்கோ அது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியின்போது படிக்கப்பெறும் சிறு நூல். காப்புச் செய்யுள், இறந்த ஆண்டும் மாதமும் பட்சமும் திதியும் கூறும் வெண்பா, குலமரபு, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என விரியும். உறவினர் சொல்வதாக ஊர்ப்புலவர் ஒருவர் பாடித் தருவார்.

இளமையில் இதனை யான் எள்ளியதுண்டு. பிறர் அழுகையை மற்றொருவர் யாப்பில் அடைப்பதா என்று நண்பர்களோடு வாதிட்டிருக்கிறேன். ஆயினும் ஒரு காட்சி என் வாதத்தை என்றும் மறித்து நின்றது. அப்பாச்சி இறந்தபோது என் தந்தையார் அழவில்லை. சுடலையிலும் அழவில்லை, காடாற்றன்றும் அழவில்லை. முப்பத்தோராம் நாள் புலவர் மக்கள் புலம்பலை இராகத்தோடு படித்துவந்து, தந்தையாரின் பெயரை எடுத்தார். அவ்வளவுதான், அம்மனிதர் முற்றத்துப் பந்தற்காலைப் பற்றிக்கொண்டு குழந்தைபோற் கதறினார். அன்றிரவுதான் அவர் வயிறார உண்டார்.

பாரியை இழந்த கபிலர் தம் துயரைத் தாமே பாட வல்லவர். நம்மிற் பெரும்பாலோர்க்கு அவ்வன்மை இல்லை. நம் முன்னோர் அத்துறைக்குக் கையறுநிலை என்று பெயரிட்டனர். செயலற்ற கைக்கு மற்றொரு கை வேண்டும் அல்லவா? கல்வெட்டுப் பாடிய புலவர் நீட்டியது அந்தக் கையே.

இதே உண்மையைச் சைவர் வீட்டுச் சாவுச் சடங்கிலும் காணலாம். உரலிற் சுண்ணம் இடிக்கையில் மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தை ஓதுவர். இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிரின் மகிழ்ச்சிப் பாட்டு அது. இழவு வீட்டில் அதனைப் பாடும்போது, உலக்கையின் ஓசை அழுகையை ஒரு தாளத்திற்குள் கொண்டுவருகிறது. பெண்களின் ஒப்பாரி ஒருபுறம், திருவாசகம் ஒருபுறம். ஒன்று துயரை அவிழ்க்க, மற்றொன்று தாங்குகிறது. கத்தோலிக்க அன்பர்களோ தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676–1742) வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு உருகுவர். மகனை இழந்த அன்னையின் துயரிலே தத்தம் துயரையும் கலந்து அழுவர். தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியன்று விரதமிருந்து, கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை கேட்டுக் கஞ்சி அருந்துவதும் இவ்வகையினதே.

ஆனால், இம்மரபு ஒன்றை முன்வேண்டி நிற்கிறது: இறந்த நாள் தெரியவேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகிலே கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினரே என உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். அக்கொடுமைக்கும் ஒரு நாள் உண்டு. ஆகவே நெடுந்தீவார் ஆண்டுதோறும் கூடி விளக்கேற்றி அழுகின்றனர். 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளிற் கொண்டுசெல்லப்பட்டு மீளாத இளைஞரின் தாய்மார்க்கோ அதுவும் இல்லை. எந்தத் திதியை வெண்பாவில் வைப்பது? எந்த நாளிலிருந்து முப்பத்தொன்றை எண்ணுவது? அந்தியேட்டி செய்தால் மகன் இறந்தான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிடின் துயர்க்கு முடிவில்லை.

மரபு ஆற்றும் என்று பெருமை பேசும் நாம், மரபு வாய்மூடி நிற்கும் இவ்விடத்தையும் காணவேண்டும். திதியில்லாத ஒரு கல்வெட்டை எவரேனும் பாடுவாராயின், அது யாப்பு வழுவாகாது. அப்பாச்சியின் கல்வெட்டை எடுக்குந்தோறும், பந்தற்காலைப் பற்றி அழுத தந்தையாரை நினைக்கிறேன். பற்றிக்கொள்ள ஒரு கால்தானும் இல்லாது நிற்போர்க்குப் புலவர்கள் கடன்பட்டிருக்கின்றனர்.